வேரில் நடக்கும் கூட்டுறவு

சென்ற பட்டத்தில் ஒரு கிராமச் சங்கத்திற்கு நாம் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் சிலர் முறையிட்டனர். சங்கத்தில் வாங்கிய ரைசோபியம் பொட்டலத்தை உளுந்து விதையுடன் கலந்து விதைத்தும், கலவாத வயலைவிட ஒரு மேன்மையும் காணவில்லை. இனி அதற்குக் காசு கொடுப்பதற்கில்லை என்றனர். கிடங்கைப் பார்வையிட்டோம். பொட்டலங்கள் தகரக் கூரையின் கீழ், வெப்பம் மிகுந்த இடத்தில் அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே இருப்பவை உயிர்கள் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களே காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கித் தருகின்றன என்பதை, 1888-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் விளக்கினர். இவ்விரு உயிர்களும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் விதம் நெடுங்காலம் கழித்தே தெளிவாயிற்று. வேரானது ஃபிளேவனாய்டு என்னும் பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதனை உணர்ந்த ரைசோபியம் மறுமொழியாக ஒரு மூலக்கூறை விடுக்கிறது. அதன் அமைப்பைப் பிரான்சு நாட்டின் துலூஸ் நகர ஆய்வாளர் 1990-இல் வெளியிட்டனர். அந்த அடையாளம் பொருந்தினால்தான் பல பயறுச் செடிகளில் வேர்த்தூவி சுருண்டு, நுண்ணுயிருக்கு வழிவிடுகிறது. அங்கத்தினரைச் சேர்க்குமுன் மனுவைப் பரிசீலிப்பது போன்றதே இது.

சேர்ந்தபின்னும் கண்காணிப்பு ஓய்வதில்லை. செடி தன் இலையில் சமைத்த உணவின் ஒரு பங்கை நுண்ணுயிருக்கு அளிக்கிறது. நைட்ரஜனை மாற்றும் நொதி பிராணவாயுவால் கெடக்கூடியது. ஆனால் நுண்ணுயிர் வாழப் பிராணவாயு வேண்டும். ஆகவே லெக்ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் அதனை அளந்து வழங்குகிறது.

வாங்கிக்கொண்டு உழைக்காதவை இருந்தால்? டோபி கியர்ஸும் அவருடைய தோழர்களும் சோயா மொச்சையின் வேர்முடிச்சுகளைச் சூழ்ந்த காற்றில் நைட்ரஜனை நீக்கி ஆர்கானை நிரப்பிச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். உழைக்க வழியற்ற முடிச்சுகளுக்குச் செல்லும் பிராணவாயுவைச் செடி குறைத்தது; அங்கிருந்த நுண்ணுயிர்கள் ஏறத்தாழப் பாதியளவே பெருகின. கணக்குப் பார்க்கும் தொழிலினரான நமக்கு இச்செய்தி வியப்பையும் சிறிது நாணத்தையும் அளித்தது.

அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை சிலவே. பொட்டலத்தைக் குளிர்ந்த, நிழலான இடத்தில் வையுங்கள். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தித் தாமதமின்றி விதையுங்கள். பயறுக்கு யூரியாவை மிகுதியாக இடாதீர்கள். மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் செடி முடிச்சுகளைக் குறைத்துக்கொள்ளும். பூக்கும் தறுவாயில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

அச்சங்கத்தின் நிர்வாகக் கமிட்டி பொட்டலங்களை இடம் மாற்றியது. முறையிட்டவர்களுள் ஒருவர் இப்பட்டத்தில் அரை ஏக்கரில் மட்டும் மீண்டும் முயன்றார். அவர் வரப்பில் அமர்ந்து நகத்தால் கீறிக் காட்டிய முடிச்சு நன்கு சிவந்திருந்தது.