முதலில் செவி, பிறகு கண்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் கைப்பேசியில் காணொளி பார்த்துக் கழிக்கும் நேரத்தைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் ஓயாமல் கவலைப்படுகின்றனர். ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்பு பெரும்பாலும் வானொலி நிலையத்திலும் திரைப்படக் கூடத்திலுமே இருந்த ஒலிப்பதிவு, படப்பிடிப்பு வசதிகளை அதே கருவி வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது என்பதும், அவற்றைக் கொண்டு மூன்று நிமிட நாடகத்தையோ அரை நிமிட அசைவுப் படத்தையோ உருவாக்க ஏறக்குறைய செலவே இல்லை என்பதும் அந்தக் கவலைக்கு நடுவே கவனிக்கப்படாமல் போகின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்பட்டு, அவை குறித்து மாணவர்களைப் பேசவும் எழுதவும் வைக்கும் முயற்சி நடந்துவருவது நல்ல தொடக்கமாகும். பார்த்ததைப் பற்றிப் பேசிய பிள்ளை தானும் ஒன்றைச் செய்துபார்க்க ஏற்ற இடம் வீடு. பயறு முளைப்பதைப் படமெடுக்க ஐந்து நாள் காத்திருக்கவோ ஒரே வசனத்தைப் பத்து முறை பதிவுசெய்யவோ பள்ளியின் பாடவேளை இடம்தருவதில்லை, வீட்டின் விடுமுறை நாள் இடம்தருகிறது.

இத்தகைய முயற்சியில் இறங்கும் பிள்ளைகள் அநேகமாகக் காணொளியில்தான் தொடங்குகின்றனர். அதைவிட ஒலியில் தொடங்குவதே மேலானது. காணொளி எடுக்க முனைந்தவுடன் முகம், உடை, பின்னணி, வெளிச்சம் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் கவனத்தைக் கோருவதால் கதை பின்னுக்குப் போய்விடுகிறது. ஒலியிலோ கூச்சமுள்ள பிள்ளையும் தயங்காமல் பங்கேற்கலாம், தவறிய வரியை மட்டும் மறுபடி பேசலாம், கதையில் பழுது இருந்தால் அது உடனே காதில் தட்டுப்படும்.

ஒலியில் முதற்பாடம் பேசுவதற்கு முன் கேட்பது. கனடா நாட்டு இசையமைப்பாளர் மரே ஷேஃபர் ஓர் இடத்தில் நிறைந்திருக்கும் ஒலிகள் அனைத்தையும் சேர்த்து ஒரு நிலக்காட்சியைப் போல ஆராய வேண்டும் என்று வலியுறுத்தி, 1977இல் வெளியிட்ட தம் நூலில் அதை ‘ஒலிக்காட்சி’ எனப் பொருள்படும் சொல்லால் விளக்கினார். ஓர் ஊரில் எப்போதும் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் கவனிக்காத அடிப்படை ஒலி, கவனத்தை ஈர்ப்பதற்கென்றே எழுப்பப்படும் அறிவிப்பு ஒலி, அந்த ஊருக்கே உரிய அடையாள ஒலி என்று அவர் வகுத்த பிரிவுகளைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எளிதில் புரிந்துகொள்ளும். கடலோர ஊருக்கு அலையோசை முதல் வகை. தெருவில் வரும் கீரைக்காரரின் குரலும் குக்கரின் விசிலும் இரண்டாம் வகை. நூற்பாலை நகரங்களில் வேலை நேரத்தை அறிவித்த ஆலைச் சங்கு, அந்த ஊராருக்கு மூன்றாம் வகையாகவும் ஆகிவிட்டிருந்தது. ஒரு தாளின் நடுவில் தான் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கேட்கும் ஒவ்வொரு ஒலியையும் அது வரும் திசையிலும் தொலைவிலும் குறித்தால் வீட்டின் ஒலி வரைபடம் கிடைக்கும். அதே பயிற்சியை விடியற்காலையிலும் நண்பகலிலும் இரவிலும் செய்து, குறித்த ஒலிகளைப் பதிவுசெய்து, மூன்று பொழுதுகளையும் ஒரு நிமிடத்துக்குள் அடுக்கினால் அதுவே முதல் படைப்பாகிவிடும். பாரிஸ் நகரின் இரயில் நிலையத்தில் பதிவுசெய்த ஓசைகளை வெட்டியும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டும் பியேர் ஷேஃபர் என்ற பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் 1948இல் ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார் என்பதை அறிந்த பிள்ளைக்கு, அம்மியும் இடியாப்ப உழக்கும் இசைக்கருவிகளாகத் தோன்றத் தொடங்கும்.

அடுத்த படி நாடகம். வானொலிக்கென்றே எழுதப்பட்ட நாடகங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் ரிச்சர்டு ஹியூஸின் ‘டேஞ்சர்’ 1924 ஜனவரியில் பி.பி.சி.யில் ஒலிபரப்பானது, அதன் களம் விளக்கணைந்து இருளில் மூழ்கிய ஒரு நிலக்கரிச் சுரங்கம். கதைமாந்தர் எதையும் காண முடியாத நிலையும் கேட்பவர் எதையும் காண முடியாத நிலையும் ஒன்றாகிவிட்டதால், வானொலியின் குறை என்று தோன்றிய ஒன்று நாடகத்தின் வலிமையாக மாறியது. வீட்டில் நாடகம் எழுதும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி அரிது: மின்தடை ஏற்பட்ட இரவு, கிணற்றுக்குள் விழுந்த பந்து, பூட்டிய அறைக்கு அப்பாலிருந்து வரும் குரல் போன்ற களங்களைத் தேர்ந்தால், ‘அதோ பார், சிவப்புச் சட்டை அணிந்து ஒருவர் வருகிறார்’ என்பது போன்ற செயற்கையான விளக்க வசனங்களுக்குத் தேவையே எழாது.

ஒலிக்குறிப்புகளைக் கையாலேயே உருவாக்கும் கலை, பிள்ளைகள் மிகுந்த களிப்புடன் ஈடுபடும் பகுதியாகும். ஊமைப் படங்கள் பேசும் படங்களாக மாறிய 1920களின் இறுதியில் யுனிவர்சல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் ஃபோலி, திரையில் ஓடும் காட்சியைப் பார்த்தபடியே காலடி ஓசை, துணி உரசும் ஓசை முதலியவற்றை அதே நேரத்தில் நிகழ்த்திப் பதிவுசெய்தார். இன்றுவரை உலகத் திரைத்துறையில் அந்தப் பணி அவர் பெயராலேயே ‘ஃபோலி’ என வழங்குகிறது. இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தரையில் மாறி மாறித் தட்டினால் குதிரையின் குளம்படி, முறத்தில் பச்சைப்பயற்றைப் பரப்பி மெல்லச் சரித்தால் மழை, பழைய எக்ஸ்ரே தாளை உதறினால் இடி, சிப்ஸ் உறையை ஒலிவாங்கிக்கு அருகில் கசக்கினால் நெருப்பு, சோளமாவு நிரப்பிய துணிப்பையை அழுத்தினால் பனியில் நடக்கும் ஓசை, கேரட்டை ஒடித்தால் எலும்பு முறிவு. மெய்யான நெருப்பைப் பதிவுசெய்தால் அது நெருப்பைப் போலக் கேட்பதில்லை என்பதும், பொய்யான ஒன்று மெய்யைவிட நம்பத்தக்கதாக ஒலிக்கிறது என்பதும் இங்கே பிள்ளை தன் கையால் கண்டறியும் உண்மைகள். திரையில் கேட்பதையும் காண்பதையும் அப்படியே நம்பக் கூடாது என்று அறிவுரை கூறுவதைவிட இந்தக் கண்டறிதல் ஆழமாகப் பதியும்.

தமிழில் நாடகம் எழுதுவோருக்கு மொழி சார்ந்த ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பாடநூலின் எழுத்து நடையிலேயே பழகிய மாணவர், ‘நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?’ என்று பாட்டியிடம் பேரன் கேட்பதாக எழுதுவார். தாளில் உறுத்தாத அந்த வரி, பதிவைக் கேட்கும்போது உயிரற்றதாகப் புலப்படும். வருணனை எழுத்து நடையிலும் வசனம் அந்தந்த வட்டாரப் பேச்சிலும் அமைய வேண்டும் என்பதைச் சென்னை வானொலியின் நாடகங்களும், தம் மண்ணின் பேச்சுத் தமிழை ஒலிபரப்பில் நிலைநாட்டிய இலங்கை வானொலியின் நாடகங்களும் பல பத்தாண்டுகளாகக் காட்டியிருக்கின்றன. ஆகவே வீட்டில் உள்ளவர்களின் பேச்சைக் கூர்ந்து கேட்டு, நெல்லையோ கொங்கோ யாழ்ப்பாணமோ எந்தப் பேச்சாயினும் அதை அப்படியே எழுத்தில் பிடிக்க முயல்வது, இலக்கணப் பாடத்துக்கு எதிரானதாகக் கருதப்படாமல் அதன் மேல் கட்டப்பட்ட மாடியாகக் கருதப்பட வேண்டும். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 100 சொற்கள் அடங்குமாதலால், மூன்று நிமிட நாடகத்துக்கு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கமே போதுமானது.

பதிவின் தரம் கருவியின் விலையைவிட இரண்டு எளிய காரணங்களையே பெரிதும் சார்ந்திருக்கிறது. முதலாவது தொலைவு: ஒலிமூலத்திலிருந்து விலகும் தொலைவு இருமடங்கானால் வந்துசேரும் ஒலியின் செறிவு கால்பங்காகக் குறைகிறது, அறையின் இரைச்சலோ குறைவதில்லை, எனவே வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், மூச்சுக்காற்று நேரே படாதவாறு சற்றுப் பக்கவாட்டில் கைப்பேசியை வைத்தாலே பதிவு தெளிவாகிவிடும். இரண்டாவது எதிரொலி: வெறுஞ்சுவரும் மொசைக் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும், மெத்தையும் போர்வையும் தொங்கும் துணிகளும் அதை உறிஞ்சும். துணிகள் நிறைந்த பீரோவின் திறந்த கதவுக்கு முன் அமர்ந்து பேசும் மாணவர், எட்டாம் வகுப்பு அறிவியலில் படிக்கும் ஒலிப் பாடத்தை நேரில் சோதித்துக்கொண்டிருக்கிறார். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும்.

ஒலியில் பழகிய பிறகு காட்சிக்கு வரும்போதும் நடிப்பையும் பாட்டையும் படமெடுப்பதைவிட, ஒவ்வொரு படமாக அடுக்கி அசைவை உருவாக்கும் முறையே இந்த வயதினருக்கு மிகவும் உகந்தது. இதற்கு இந்தியத் திரைப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வை வெளியிட்ட தாதாசாகேப் பால்கே, அதற்கு முன்பு முதலீட்டாளர்களிடம் தம் திறமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தபோது, ஒரு தொட்டியில் பட்டாணியை ஊன்றி, அதன் முன் படக்கருவியை நிறுத்தி, அது முளைத்து வளர்வதை ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறிது சிறிதாகப் படம்பிடித்து, ஒரு நிமிடத்தைச் சற்றே கடந்த படமாகத் தொகுத்தார். மாதத்தை நிமிடமாகச் சுருக்கிய அந்தப் படத்தைப் பார்த்துப் பணம் கொடுக்க முன்வந்தவர்களும் உண்டு. இன்று ‘டைம்-லாப்ஸ்’ எனப்படும் இந்த முறை, நீண்ட இடைவெளியில் எடுத்த படங்களை விரைந்து ஓடவிடுவதாகும்.

இதைக் கணக்கோடு திட்டமிடுவதே மாணவருக்கு நல்ல பயிற்சி. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. வீட்டு முயற்சிக்கு 12 படங்கள் போதும். ஈரத்துணியில் வைத்த பச்சைப்பயற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒரு படமாக ஐந்து நாள் எடுத்தால் 720 படங்கள் சேர்ந்து ஒரு நிமிடப் படமாகும். ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து அது பெற்றோரின் வேலைக்கும் வேண்டியிருந்தால், கைப்பேசியை வைக்கும் இடத்தைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துவிட்டு நாளொன்றுக்கு 12 படங்கள் எடுத்தால் 60 படங்களில் ஐந்து நொடி கிடைக்கும், அதுவும் முளை எழுவதைக் காட்டப் போதுமானதே. சன்னலுக்கு அருகில் வைத்தால் வெயில் மாற மாறப் படம் மினுக்கும் என்பதால், சூரிய ஒளி படாத மூலையில் ஒரே விளக்கின் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது.

தாள் வெட்டுவதில் விருப்பமுள்ள பிள்ளைகள், ஜெர்மானியக் கலைஞர் லாட்டே ரைனிகரின் வழியைப் பின்பற்றலாம். கருந்தாளில் கத்தரித்த உருவங்களின் மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, பின்னிருந்து ஒளிபாய்ச்சிய கண்ணாடியின் மேல் கிடத்தி, ஒவ்வொரு அசைவையும் தனிப்படமாக எடுத்து அவர் உருவாக்கிய ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ (1926), இன்று கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களுள் மிகப் பழையது. விளக்கொளிக்கு முன் உருவங்களை ஆட்டிக் கதைசொல்லும் தோல்பாவைக்கூத்தை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இந்த அழகியல் அந்நியமாகத் தோன்றாது. இரண்டு அடுக்குப் புத்தகங்களின் மேல் ஒரு கண்ணாடியைத் தாங்கவைத்து, அதன்மேல் டிரேசிங் தாளை விரித்து, அடியில் எல்.இ.டி. விளக்கை வைத்தால் கருவி தயார். கண்ணாடியின் விளிம்புகளுக்கு ஒட்டுநாடா சுற்றுவது பெரியவர்களின் பொறுப்பு. ஆட்களையே பொம்மைகளாக்கி ஒவ்வொரு படமாக நகர்த்தும் முறையில் நார்மன் மெக்லாரன் கனடாவில் 1952இல் எடுத்த ‘நெய்பர்ஸ்’ ஆஸ்கார் விருது பெற்றது. உடன்பிறந்தவர் இருவர் சேர்ந்தால், உட்கார்ந்தபடியே கூடத்தில் வழுக்கிச் செல்வது போன்ற படத்தை ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம்.

படத்தொகுப்பைக் கற்பிக்க மென்பொருள் விளக்கத்தைவிட ஒரு பழைய சோதனை பயன்தரும். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற ஒரே முகக்காட்சியைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி, ஓர் இளம்பெண் ஆகிய காட்சிகளுடன் தனித்தனியே ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் இணைத்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டதாகச் சொல்லப்படுகிறது. தாத்தாவின் அமைதியான முகத்தையும், காலி இனிப்பு டப்பாவையும், பழைய புகைப்படத்தையும் வைத்து இதை வீட்டிலேயே செய்துபார்க்கலாம். ஒலிக்கு ஆடாசிட்டி, காணொளிக்கு ஓபன்ஷாட் அல்லது ஷாட்கட் ஆகிய கட்டணமற்ற மென்பொருள்கள் கணினியில் கிடைக்கின்றன.

இவற்றில் பழகிய மாணவர் கடைசியாக எடுத்துக்கொள்ள வேண்டியது வீட்டு முதியவரின் நேர்காணல். இது எல்லாவற்றிலும் கடினமானது, மதிப்பு மிக்கதும் இதுவே. ‘உங்கள் காலம் எப்படி இருந்தது?’ என்ற பொதுவான கேள்விக்கு ‘நல்லாத்தான் இருந்துச்சு’ என்பதற்கு மேல் விடை வராது. ‘தீபாவளிக்குத் துணி எந்தக் கடையில் எடுப்பீர்கள் ஆச்சி, யார் கூட்டிப்போவார்கள்?’ என்று கேட்டால் கடைத்தெருவே எழுந்துவரும். பேசுபவர் நிறுத்தியவுடன் அடுத்த கேள்விக்குத் தாவாமல் ஐந்து நொடி காத்திருந்தால், அவர் சொல்லத் தயங்கியது பெரும்பாலும் அப்போதுதான் வரும். ஒலிப்பதிவில் கேட்கப் பழகிய பிள்ளையால்தான் அப்படிக் காத்திருக்க முடியும்.

பதிவைத் தொடங்கும் முன் முதியவரின் சம்மதத்தைக் கேட்பதும், வெளியிடும் முன் முழுவதையும் அவருக்குப் போட்டுக்காட்டி வேண்டாம் என்றதை நீக்குவதும் பிள்ளை இந்த வயதிலேயே பழக வேண்டிய முறைகள். பிள்ளையின் முகமும் பெயரும் பள்ளிச் சீருடையும் அடங்கிய காணொளிகளைப் பொதுவெளியில் இடுவதில் பெற்றோருக்கு இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் சிறார் என்றே வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. உறவினர் கூடும் நாளில் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்துக் காட்டுவதே முதல் வெளியீட்டுக்குப் போதும்.

நேர்காணலை நான்கு நிமிடமாகச் சுருக்கிய பிறகும் அதன் ஒரு மணிநேர மூலப்பதிவை அழித்துவிடக் கூடாது. பேசியவர் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, கணினியில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு தம்பியோ தங்கையோ அதே பதிவிலிருந்து முற்றிலும் வேறொரு நான்கு நிமிடத்தை எடுத்துக்கொள்ள முடியும்.