சேர்விஸ் பில் எகிறினால்…

வாகனம் ஆண்களின் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அதன் பில் விழுவதோ வீட்டுக் கணக்கில்தான். ஒயில் மாற்றக் கொடுத்த வாகனம், பிள்ளையின் டியூஷன் பணத்தையும் விழுங்கிக்கொண்டு திரும்பிவருவதுண்டு. 2022 இல் ரூபாய் சரிந்ததும் இறக்குமதி உதிரிப்பாகங்களின் விலை ஏறியதும் நாம் அறிந்ததே.

சகோதரிகளே, காவல் தொடக்கத்திலேயே வேண்டும். ஜொப் கார்டில் கையொப்பமிடுமுன், "மேலதிக வேலை எதுவாயினும் கேட்ட பின்பே செய்யவும்" என்று எழுதச் செய்யுங்கள். கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படியும் அப்போதே கூறிவிடுங்கள்.

இடையில் அழைப்பு வந்தால் விலையையும் அவசரத்தையும் விசாரியுங்கள். பிரேக், ஸ்டியரிங், டயர் பழுதென்றால் தாமதம் ஆபத்து. எஞ்சின் கழுவுதல், பொலிஷ் போன்றவை அடுத்த மாதம் வரை பொறுக்கும்.

பில்லில் பாகங்களின் விலையும் கூலியும் தனித்தனியே இருக்கட்டும். சொல்லாத வேலைக்குப் பணம் கேட்டால், சண்டை பிடிக்காமல் முகாமையாளரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அங்கே தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்ற 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பில்லும் ஜொப் கார்ட் பிரதியும் கையில் இல்லாவிட்டால் நம் வழக்கு பலவீனமாகிவிடும்.

எனவே சேர்விஸுக்கென மாதாமாதம் சிறு தொகை ஒதுக்குங்கள். மாற்றிய பாகம், திகதி, ஓடிய கிலோமீற்றர் மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். போன வருடம் மாற்றிய பாகத்தை மீண்டும் மாற்றச் சொல்பவருக்கு அந்தக் கொப்பியே பதில் சொல்லும்.