சந்தக்பூவுக்கு மிதிவண்டியில்: உயரத்தை எண்ணும் கணக்கு

கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர் உயரம்கூட எட்டாத கொல்கத்தா நகரமும், 3,636 மீட்டர் உயரத்தில் நேபாள எல்லையையொட்டி நிற்கும் சந்தக்பூ சிகரமும் ஒரே மாநிலத்துக்குள் அமைந்திருப்பதால், ஆற்றுச் சமவெளியில் மிதித்துப் பழகிய கால்களுக்கு மலையேறும் ஆசை எழுவது இயல்பே. மிதிவண்டியில் நெடும்பயணம் போவது இந்நகரத்துக்குப் புதிதும் அன்று. 1926ஆம் ஆண்டு இங்கிருந்து புறப்பட்ட பிமல் முகர்ஜி உலகைச் சுற்றிவிட்டு 1937இல்தான் திரும்பினார். அத்தகைய நகரத்திலேயே 2013இல் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது என்பது வேடிக்கையான முரண்.

சமவெளிப் பயணத்தைக் கிலோமீட்டரால் திட்டமிடலாம். மலைப் பயணத்தை அவ்வாறு திட்டமிடுபவர் முதல் நாளே தடுமாறுவார். சாலையின் செங்குத்து அளவைச் சாய்வு விகிதம் என்பர். நூறு மீட்டர் முன்னே செல்வதற்குள் எட்டு மீட்டர் உயர வேண்டியிருந்தால் அச்சாலையின் சாய்வு எட்டு விழுக்காடு. ஆளும் வண்டியும் மூட்டையுமாகச் சேர்ந்து நூறு கிலோ எடை எனக் கொண்டால், அதை ஆயிரம் மீட்டர் உயர்த்துவதற்கு உடல் ஏறத்தாழ ஆயிரம் கலோரியைச் செலவிட வேண்டும், ஏனெனில் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் கால்பங்கு அளவே மிதிப்பாக மாறுகிறது, மீதி வெப்பமாக வீணாகிறது. இருபது இட்லி தரும் ஆற்றல் அது. எட்டு விழுக்காட்டுச் சாய்வில் அந்த ஆயிரம் மீட்டர் வெறும் பன்னிரண்டரைக் கிலோமீட்டர்ச் சாலைதான் என்றாலும், சராசரி உடல்வலுவுள்ள ஒருவருக்கு ஓய்வின்றி மிதித்தாலே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

வண்டியைத் தேர்வதற்கும் இதே கணக்கு உதவுகிறது. முன்னே 44 பல், பின்னே 18 பல் கொண்ட சாதாரண சைக்கிளில் பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் அளவுக்கு நகரும். முன்னே 22, பின்னே 36 பல் என அமைந்த மலைச் சைக்கிளின் மிகத் தாழ்ந்த கியரில் அதே ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகமாகவே நகரும். நகரும் தூரம் நான்கில் ஒரு பங்காகக் குறைவதால் காலின் அழுத்தமும் நான்கில் ஒரு பங்காகிறது. நடப்பவரைப் போன்ற வேகத்தில் ஊர்வதை இழிவாக எண்ணாதவருக்கே மலை வசப்படும்.

கொல்கத்தாவாசிகள் பொதுவாகச் சியால்டாவில் இரவு ரயிலேறிக் காலையில் நியூ ஜல்பைகுரியில் இறங்குவர். மிதிவண்டியைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து லக்கேஜ் வேனில் ஏற்றலாம். ஆனால் அது அதே ரயிலில் வராமல் பின்தங்குவதும் உண்டு என்பதால், ஒரு நாள் இடைவெளி விட்டு முன்கூட்டி அனுப்புவது நல்லது. சந்தக்பூ பாதை செல்லும் சிங்கலீலா தேசியப் பூங்கா ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மூடப்பட்டிருக்கும். துர்கா பூஜை விடுமுறையில் பாதி கொல்கத்தா டார்ஜிலிங்கில்தான் இருக்கும் என்னும்படி கூட்டம் சேர்வதால், காளி பூஜை முடிந்த நவம்பர் வாரங்களே வானமும் தெளிந்து அறைகளும் கிடைக்கும் காலம்.

நியூ ஜல்பைகுரியை ஒட்டிய சிலிகுரியிலிருந்து ஹில் கார்ட் ரோடு வழியே 1,458 மீட்டர் உயரமுள்ள குர்சியாங்கை அடைவது முதல் நாளுக்குப் போதும். 1881இல் டார்ஜிலிங்கை எட்டிய சிறிய ரயில், நீலகிரி ரயிலைப் போலப் பல்தண்டவாளத்தைப் பற்றி ஏறாமல், வளையங்களாகவும் முன்னும் பின்னுமாகவும் திரும்பித் திரும்பி ஏறுவதால், அதன் தண்டவாளம் இச்சாலையைப் பலமுறை குறுக்கே வெட்டிச் செல்கிறது. மிதிவண்டிக்கு உண்மையான ஆபத்து இங்குதான் உள்ளது: பனிமூட்டத்தில் நனைந்த இரும்பு வழுக்கும், தண்டவாளத்தை ஒட்டிய பள்ளமோ டயரை அப்படியே விழுங்கிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு முறையும் சக்கரத்தை நேர்க்குறுக்காகத் திருப்பியே கடக்க வேண்டும், கடக்கும்போது பிரேக் பிடிக்கவும் கூடாது.

மறுநாள் 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கும் ஊரைக் கடந்து, சுகியாபோக்ரி வழியாகச் சிறிது இறங்கி, எல்லையோரச் சந்தை ஊரான மானேபஞ்சாங்கை அடையலாம். அங்கிருந்து சந்தக்பூ ஏறத்தாழ 31 கிலோமீட்டர். ஆயினும் தும்லிங்கில் 2,900 மீட்டர் உயரம் வரை ஏறிய பாதை, கைரிபாஸ் நோக்கி முந்நூறு மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டு மீண்டும் ஏறுவதால், சம்பாதித்த உயரத்தை இழந்து மறுபடி சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் இரு ஊர்களின் உயர வேறுபாட்டை மட்டும் கழித்துப் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார். திட்டத்தாளில் எழுத வேண்டியது மொத்த ஏற்றம்.

சந்தக்பூவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்களவே என்பதால், ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. உடல் பழகுமுன் விரைந்து ஏறுபவருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என உயர நோய் தலைகாட்டும். 3,000 மீட்டருக்கு மேல் தங்குமிடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவது மருத்துவர்கள் கூறும் பொதுவிதி. தும்லிங்கில் ஓர் இரவும், 3,186 மீட்டரில் உள்ள காலிபோக்ரியில் ஓர் இரவும் தங்கிச் சந்தக்பூ செல்பவர் இவ்விதிக்குள் அமைந்துவிடுகிறார். மானேபஞ்சாங்கிலிருந்து ஒரே நாளில் ஜீப்பில் ஏறிவிடுபவர் அமைவதில்லை.

இறக்கம் எளிது என்ற எண்ணமும் பாதி உண்மையே. ஏற்றத்தில் உயரமாகச் சேர்த்த ஆற்றல் இறக்கத்தில் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக வெளிப்பட்டாக வேண்டும். தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். விட்டு விட்டு, முன்னும் பின்னும் மாற்றிப் பிடிப்பதும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும் ஓட்டுநரின் வழக்கமாக வேண்டும். உதிரி டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், செயின் இணைப்பு, பிரேக் கட்டை ஆகியவற்றோடு, பின்புறக் கியர் மாற்றியைச் சட்டகத்தில் பிடித்து நிறுத்தும் சிறு உலோகத் துண்டு ஒன்றையும் எடுத்துச் செல்வது அவசியம். வண்டிக்கு வண்டி வடிவம் மாறும் அத்துண்டு வளைந்துபோனால் மலையூரில் மாற்று கிடைக்காது.

மலைமுகட்டில் கைப்பேசித் தொடர்பு நிச்சயமில்லை என்பதால் பணம் ரொக்கமாகவே இருக்க வேண்டும்; எல்லைச் சோதனைக்கு அடையாள அட்டையும் வேண்டும். மானேபஞ்சாங்கில் இன்றும் ஓடும் பழைய லேண்ட் ரோவர் ஓட்டுநர்களுள் ஒருவரிடம், வேண்டுமானால் பாதி வழியில் வந்து ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக் கீழே இறக்குவதற்கான கூலியைப் புறப்படும் முன்பே பேசி முடித்துக்கொள்ளலாம். தும்லிங்கிலா, காலிபோக்ரியிலா, எந்த இடத்தில் எந்த அறிகுறி தெரிந்தால் அந்த லேண்ட் ரோவரை அழைப்பது என்பதையும் மூச்சு வாங்காத கொல்கத்தாவில் இருக்கும்போதே எழுதி வைப்பது நலம்.