மயிலையில் நமக்கென்ன இருக்கிறது?

சென்னைக்கு வந்தால் மெரீனாவைப் பார்க்கிறீர்கள். தியாகராய நகரில் துணிமணி எடுக்கிறீர்கள். திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் உறவினரைக் கண்டு ஊர் திரும்புகிறீர்கள். மயிலாப்பூர்ப் பக்கம் மட்டும் பலர் கால் வைப்பதில்லை. அது கோயிலூர், அங்கே நமக்கென்ன வேலை என்ற எண்ணமே காரணம். எனக்கும் அவ்வெண்ணம் நெடுநாள் இருந்தது.

என் தமக்கை மகன் வேலை கிடைத்து வந்தபோது, அலுவலகத்திற்கு அண்மையில் மயிலையில் வீடு தேடினான். தொலைபேசியில் "காலியாக இருக்கிறது" என்றவர்கள், பெயரைக் கேட்டதும் "நேற்றே முன்பணம் வாங்கிவிட்டோம்" என்றனர். மூன்று வீடுகளில் இதே மறுமொழி. "மாமா, இந்த ஊரில் நமக்கென்னதான் இருக்கிறது?" என்று கேட்டான். விடை சொல்லத் தெரியாமல், ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவனை அழைத்துக்கொண்டு நடந்தேன். அவ்வழியே நீங்களும் வாருங்கள்.

சாந்தோமில் தொடங்கினோம். இன்று நாம் காணும் வெண்ணிறத் தேவாலயம் 1896-இல் எழுந்தது. ஆனால் ஊரோ மிகப் பழைமையானது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள புனித தோமையரின் அடக்கத்தலத்திற்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமன்றி முஸ்லிம்களும் வந்து மரியாதை செலுத்தியதாகவும், அவரை ஒரு பெரியவராக அவர்கள் மதித்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலேயர் சென்னையில் கால் ஊன்றிய 1639-ஆம் ஆண்டுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட செய்தி இது! மருமகன் அதை நம்பாமல் என்னை இருமுறை கேட்டான்.

1520-களில் போர்ச்சுகீசியர் இங்கே குடியேறினர். துணி வாணிபமே அவர்களை ஈர்த்தது. 1662-இல் கோல்கொண்டா சுல்தானின் படை ஊரைக் கைப்பற்றியது. 1672-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். இரண்டாண்டில் அவர்களும் வெளியேற்றப்பட்டனர்.

தெற்கே அடையாற்றின் முகத்துவாரம். தோற்ற கதையைச் சொல்ல எவருக்கும் மனம் வருவதில்லை. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். 1746-இல் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கானின் மகன் மஹ்பூஸ் கான், பத்தாயிரம் பேர் எனக் கூறப்படும் பெரும்படையுடன் இங்கே பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்றார். எதிரே வந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தாம். வேகமாகச் சுடப் பழகிய அவர்களின் துப்பாக்கிக்கு முன் நவாபின் குதிரைப்படை நிற்க முடியவில்லை. சாந்தோம் தெருக்களுக்குள் பின்வாங்கிச் சிதறியது. எண்ணிக்கையைவிடப் பயிற்சியே பெரிதென்று ஐரோப்பியர் தெரிந்துகொண்ட நாள் அது. மூன்றாண்டுக்குள் அன்வருத்தீன் ஆம்பூர்ப் போரில் மாண்டார். அதே 1749-இல் சாந்தோமும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

அங்கிருந்து மேற்கே கச்சேரி சாலை. அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று. சாலையோரத்திலேயே ஜும்ஆ பள்ளிவாசல் இருக்கிறது. "இங்கே பள்ளி உண்டா!" என்று வியந்தான் மருமகன். வீடு தேடி அதே சாலையில் பலமுறை போனவன் அவன்; கண்ணில் படவில்லை. தொழுது முடித்து மேலே நடந்தால் டப்பா செட்டி கடை. நூறாண்டுக்கு மேலாக நாட்டு மருந்து விற்கும் கடை. பிள்ளை பெற்ற வீட்டார் லேகியச் சாமானுக்குச் சாதி மதம் பாராமல் இங்கே வருவது வழக்கம்.

பிறகு மாட வீதிகள். சந்தை ஊரின் உயிர் இங்கேதான் துடிக்கிறது. தெற்கு மாட வீதியில் தரையில் கோணி விரித்துக் கீரை, வாழைப்பூ, பிஞ்சுக் கத்தரிக்காய், பருவத்தில் மாவடு. விற்பவர்களில் பலர் மூதாட்டிகள். வடக்கு மாட வீதியில் நவராத்திரிக் காலத்தில் பொம்மைகள் மலைபோல் குவியும். 120 அடிக் கோபுரத்தின் நிழலில் பித்தளைப் பாத்திரக் கடைகள். பேரம் பேசத் தெரிந்த பெண்மணிகளை உடனழைத்துச் செல்லுங்கள். ஆண்கள் ஏமாந்து போவோம்.

கோயிலின் மேற்கே பெரிய தெப்பக்குளம். இந்நிலத்தை ஆற்காட்டு நவாப் அளித்தார் என்றும், முஹர்ரம் நாளில் முஸ்லிம்கள் குளத்தைப் பயன்படுத்தும் உரிமை அதனால் வந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மயிலையின் இந்துப் பெரியவர்களே இதை நமக்குச் சொல்கிறார்கள். மருமகன் குளத்துக் கம்பி வேலியைப் பிடித்தபடி நெடுநேரம் பேசாமல் நின்றான்.

பொழுது சாயும் முன் ஆட்டோவில் திருவல்லிக்கேணி சென்றோம். வாலாஜா பெரிய பள்ளிவாசல், அன்வருத்தீனின் மற்றொரு மகன் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தாரால் 1795-இல் கட்டப்பட்டது. மரமோ இரும்போ சேராத கருங்கல் கட்டடம் என்பர். உள்ளே கட்டிய ஆண்டைக் குறிக்கும் பார்சி வரிகள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை இயற்றியவர் ராஜா மக்கன் லால் கிரத் என்னும் இந்து அறிஞர். மருமகனுக்குப் பார்சி தெரியாது, எனக்கும் தெரியாது. இருவரும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மஃரிப் பாங்கு ஒலித்தது.

அவனுக்கு மயிலையில் வீடு கிடைக்கவில்லை. இப்போது திருவல்லிக்கேணியில் குடியிருக்கிறான். ஞாயிறுதோறும் பையைத் தூக்கிக்கொண்டு காய்கறி வாங்கத் தெற்கு மாட வீதிக்குப் போகிறான். வாழைப்பூ விற்கும் மூதாட்டி ஒருவர் அவனுக்கென்று இரண்டு எடுத்து வைத்திருக்கிறாராம். அவனுடைய பெயரை அவர் இதுவரை கேட்டதில்லை.