பஞ்சிகாவத்தையிற் பழம்பொருள் தேடல்

புதிய மோட்டார் கார் வாங்குதல் இந்நாட்டு ஆசிரியர் ஒருவருக்கு எட்டாக் கனி. பழைய காரை ஓடவைத்தலோ இயலக்கூடிய காரியம். அதற்கு வேண்டுவது பணத்திலும் பார்க்கப் பொறுமையே. அப்பொறுமை உடையோர் நாடிச் செல்லுமிடம் கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை.

அங்கே கழற்றிய கதவுகள் ஏட்டுச்சுவடிகள்போல் நிமிர்த்தி அடுக்கப்பட்டிருக்கும். புகைக்குழாய்கள் வாழைக்குலைகளைப்போல் தொங்கும். சிங்களமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் இணைந்து பேரம் நடக்கும். இவற்றுட் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தவை. அந்நாட்டிலே புதிய கார் மூன்றாண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கொரு முறையும் பரிசோதனைக்கு உட்படல் வேண்டும். அச்செலவுக்கு அஞ்சியே பலர் நல்ல நிலையிலுள்ள கார்களைக் கைவிடுகின்றனர். நம்மைப்போல் அவர்களும் வீதியின் இடப்புறம் செல்பவர்களாதலால் அவர்கள் கழித்தவை நமக்குப் பொருந்துகின்றன. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் இவற்றின் மதிப்பு மேலும் உயர்ந்தது. 2025 இல் தடை தளர்ந்தும் புதிய வண்டி ஏழைக்கு எட்டவில்லை.

எனக்கு விருப்பமானவை ஆங்கிலேயக் கார்களே. 1952 இல் ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் ஒன்றிணைந்ததும், ஒஸ்ரின் ஏ-30 காரின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மொறிஸ் மைனரிலும் இடம்பெற்றது. 1956 இல் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் இரண்டுக்கும் பொதுவாயிற்று. ஆகவே மைனரின் பாகம் கிடையாதபோது ஒஸ்ரினின் பெயரைச் சொல்லிக் கேட்பவன் வெறுங்கையுடன் திரும்பான். எல்லாப் பாகமும் அப்படியே பொருந்துமென்று நம்பிவிடலாகாது என்பதும் உண்மை.

யாழ்ப்பாணத்திலே என் அயலவர் ஒருவர் மைனர் காரை வாடகைக்கு ஓட்டிச் சீவிப்பவர். அண்ணர் என்றே அவரை அழைப்பேன். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் அரிதாகவே, அவரும் மற்றவர்களைப்போல் மண்ணெண்ணெயிலே கார் ஓட்டினார். சில துளி பெற்றோலால் எஞ்சினை இயக்கிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வழக்கம்; குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் இதனைத் தாங்கின. ஆனால் எரியாத எண்ணெய் பிஸ்ரனைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது, பெயாறிங்குகள் தேய்ந்தன. அண்ணரின் கிறாங்க் தண்டு அக்காலத்திலேயே இருமுறை அரைக்கப்பட்டது. அண்மையில் மீண்டும் தட்டத் தொடங்கியது. மூன்று கிழமையாக வருமானமில்லை. மகளின் பல்கலைக்கழகச் செலவோ காத்திருக்கவில்லை.

இருவரும் பஞ்சிகாவத்தை சென்றோம். தேய்ந்த தண்டை ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் பத்து, இருபது, முப்பது என்ற அளவுகளிற் படிப்படியாக அரைத்து, அதற்கேற்ற தடித்த பெயாறிங் பூட்டுவர். கடைசி அளவை எட்டிய தண்டு பழைய இரும்பே. ஆதலால் மைக்கிறோமீற்றர் இல்லாமற் தண்டு வாங்கப் போதல், தராசின்றிப் பொன் வாங்கப் போவதற்கு ஒப்பாகும். கழுத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, வட்டம் பிசகியுள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும். பின் தண்டைத் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். ஒலி மழுங்கினால் வெடிப்புண்டு என்க. மண்பானை வாங்கிய நம் பாட்டியரும் இதையன்றோ செய்தனர்!

முதலிற் கண்ட தண்டு மிக மலிவு. அண்ணர் பணத்தை எடுத்துவிட்டார்.

"ஐயா, அவசரப்படாதீங்க. இது கடைசி அளவு. இன்னொரு தரம் தட்டினால் வீசத்தான் வேணும்," என்றார் கடைக்காரர்.

"நானா, வேறொன்று இருக்குதோ?"

உள்ளிருந்து ஒன்று வந்தது, பத்து அளவே அரைக்கப்பட்டது, விலை இருமடங்கு. அண்ணர் நெடுநேரம் பேசாதிருந்தார். நான் அளந்தேன், கடைக்காரர் தட்டிக் காட்டினார், ஒலி தெளிவாக எழுந்தது. மகளுக்கென ஒதுக்கிய பணத்திற் கைவைத்தே அதனை வாங்கினார். மலிவு என்பது கொடுக்கும் பணத்தையன்றி ஓடும் மைல்களையும் கணக்கிட்டே சொல்லப்படவேண்டியது என்பது என் கருத்து; அண்ணரும் அதையே எண்ணியிருத்தல் கூடும்.

பிறேக் இறப்பர்களும் அன்றைக்கே தேவைப்பட்டன. இறப்பர் பாவிக்காமல் வைத்திருந்தாலும் முதுமையடையும். பழையதை எவ்வளவு சோதித்தும் பயனில்லை. அவற்றைப் புதுச்சாமான் கடையிலே, பேரம் பேசாமல் வாங்கினார். தண்டை எண்ணெய் பூசிச் சாக்கிற் சுற்றி, இரவு பஸ்ஸில் எங்கள் ஆசனத்தின் அடியிலே வைத்துக்கொண்டோம்.