பிடி எங்கே பிறக்கிறது?

2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கின் 57 கிலோ குஸ்தி அரையிறுதி. 2-9 என்று பின்தங்கிக் கிடந்த இந்திய வீரர் ரவி குமார் தஹியா, ஆட்டம் முடியும் தறுவாயில் கஜகஸ்தான் வீரரைக் கவிழ்த்து, இரு தோள்களும் விரிப்பில் படும்படி அழுத்திவிட்டார். அந்த அழுத்தத்தில் எதிராளி அவருடைய கையைக் கடித்தார். பல் பதிந்த தடத்தை மறுநாள் நாளிதழ்கள் படமாகவே போட்டன. தஹியா பிடியை விடவில்லை. இதுபோன்ற காட்சிகளைப் பார்த்துவிட்டுக் குஸ்தி கற்கும் பையன்கள் முதலில் தேடிப் போவது ஒரு கிரிப்பரை. வில் வைத்த இரண்டு கைப்பிடிகளை நெரித்து நெரித்து மூடும் அந்தச் சின்னக் கருவி மலிவானது, சட்டைப் பையில் அடங்குவது, பள்ளிக்கூடப் பேருந்திலும் அழுத்திக்கொண்டு போகலாம். ஆனால் கோதாவில் தேவைப்படும் பிடிக்கும் அந்தக் கருவி வளர்க்கும் வலுவுக்கும் உள்ள உறவு, பலர் நினைப்பதைவிட மெலிதானது. வளரும் வயதில் பிடிவலு வரவேண்டிய வழி தொங்குவது, இழுப்பது, சுமப்பது, மல்லுக்கு நிற்பது. நெரிக்கும் கருவிக்கு வரிசையில் கடைசி இடம்தான்.

முதலில் கையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. வலது கையை முஷ்டியாக இறுக்கிக்கொண்டு இடது கையால் வலது முன்கையைத் தொட்டால், முழங்கைக்குக் கீழே சதை திரண்டு எழுவது தெரியும். வேலை நடப்பது அங்கே. உள்ளங்கையிலும் சிறு தசைகள் உண்டு. கட்டைவிரலின் அடியில் புடைத்திருக்கும் மேடு அவற்றில் முக்கியமானது. ஆனால் ஒருவனைக் கட்டிப் பிடிக்கும் விசையில் பெரும்பங்கு முன்கையிலிருந்து தசைநாண்கள் வழியாக வருகிறது. சைக்கிள் பிரேக்கின் கம்பி உறைக்குள் ஓடிச் சக்கரத்தைப் பிடிப்பதுபோல, இந்த நாண்கள் உறைகளுக்குள் வழுக்கி ஓடி விரல் நுனிவரை போகின்றன. மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு குறுகிய சுரங்கம். அதற்குள் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. விரல்களுக்குள் வந்த பின் நாண்கள் எலும்பை விட்டு விலகாமலிருக்க, ஒவ்வொரு விரலிலும் வளையம் வளையமாகத் திசுப்பட்டைகள் இருக்கின்றன. தசை ஓரிரு மாதப் பயிற்சியில் தெம்பேறும். நாணும் பட்டையும் எலும்போடு அவை ஒட்டும் இடமும் அவ்வளவு வேகமாகத் தேறுவதில்லை. இந்த வேக வித்தியாசத்தை மறந்துவிடக்கூடாது.

இனி மணிக்கட்டு. ஒரு பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முழுக்க மடக்கிப் பாருங்கள். பிடி தானாகவே தளர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகூடப் பென்சிலை உருவிக்கொள்ளும். மணிக்கட்டு மடங்கும்போது விரல் மடக்கும் தசைகள் ஏற்கெனவே சுருங்கிப்போகின்றன, மேலும் சுருங்கி இழுக்க அவற்றுக்கு இடமில்லை. புறங்கைப் பக்கமாக மணிக்கட்டு ஏறத்தாழ 30 பாகை நிமிர்ந்திருக்கும்போதுதான் பிடி உச்சத்தில் இருக்கிறது. குஸ்தியில் கைகளைக் கோத்துப் போட்ட பூட்டை உடைக்கத் தெரிந்தவன் எதிராளியின் விரல்களோடு மல்லுக்கட்ட மாட்டான், மணிக்கட்டை மடக்கப் பார்ப்பான். கையை உருவும்போதும், பிடித்தவனின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையிலுள்ள வாய் பக்கமாகத்தான் உருவுவான். ஆகவே மணிக்கட்டை நிமிர்த்தி நிறுத்தும் புறமுன்கைத் தசைகள் இளைத்திருந்தால், விரல் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. கிரிப்பர் அந்தத் தசைகளுக்கு நேரடியாக அதிகம் செய்வதில்லை.

பூட்டு போடும் முறையும் வலுவுக்கு நிகரானது. இரு கைகளையும் கோத்து இடுப்பைக் கட்டும்போது விரல்களை ஒன்றோடொன்று பின்னக்கூடாது என்பது பயிற்சியாளர்கள் முதலில் சொல்லித் தரும் பாடம். பின்னிய விரல்கள் அவசரத்துக்குப் பிரியாது, எதிராளி உருளும்போது முறியவும் செய்யும். உள்ளங்கையோடு உள்ளங்கை குறுக்காகப் பொருந்த, கட்டைவிரல்கள் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் பூட்டுக்கு உலகெங்கும் கேபிள் பிடி என்று பெயர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட எதிராளிகளுக்குக் கொடுக்காமல் தங்கம் வென்ற அமெரிக்கர் டான் கேபிளின் பெயர் அது. அதில் விரல்கள் வெறும் கொக்கிகள். இறுக்குவது முதுகும் தோளும் முழங்கைகளை விலாவோடு சேர்த்து ஒட்டவைக்கும் தசைகளும். முழங்கை விலாவை விட்டு அகன்றால் எத்தனை கிலோ விரல்வலு இருந்தாலும் பூட்டு திறந்துகொள்ளும்.

பிடியின் இன்னொரு பக்கம் நேரம். பெரியவர்களின் ஆட்டம் மூன்று நிமிடம் வீதம் இரு சுற்று, நடுவில் 30 விநாடி ஓய்வு. ஒரு தசை தன் உச்சவலுவில் பாதிக்கு மேல் இறுகி நிற்கும்போது, தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைத் தானே நசுக்கிவிடுகிறது. ரத்தம் வராமல் கழிவு தேங்கி, முன்கை கல்லாகிறது. இரண்டாம் சுற்றில் பயில்வான்கள் கையை உதறிக்கொண்டு நிற்பது இதனால்தான். எப்போது தளர்த்துவது என்று தெரிந்தவனுக்கே கடைசி நிமிடத்தில் பிடி மிஞ்சும். ஒரு விநாடி விட்டுக்கொடுத்தால் ரத்தம் உள்ளே பாய்ந்துவிடும். இறுக்கவும் தளர்த்தவும் மாறி மாறிப் பழகும் இந்தத் தாளம் ஜோடி சேர்ந்து மல்லுக்கட்டும்போதுதான் கைவரும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். உச்சவலு கூடினால், அதே பிடி உச்சத்தில் சிறிய பங்காகத்தானே ஆகும், அப்போது தாக்குப்பிடிக்கும் நேரமும் கூடாதா? கூடும், மறுக்க முடியாது. தேர்ந்த மல்லர்களின் பிடிவலுவை டைனமோமீட்டரில் அளந்தால் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதும் பலமுறை கண்ட உண்மை. ஆனால் அந்த அளவு, ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டியதன் விளைவாகவும் இருக்கலாம். அதை மட்டும் தனியே பிய்த்து வளர்த்தால் வெற்றி வரும் என்று அதிலிருந்து தேறாது. அதோடு, 12 வயதுவரை ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பிடிவலுவில் பெரிய வேறுபாடு இல்லை. பருவமடையும் ஆண்டுகளில் பையன்களின் பிடிவலு எந்தக் கருவியும் இல்லாமலே செங்குத்தாக ஏறுகிறது. அதற்கு முன் பயிற்சியால் வரும் வலுவில் பெரும்பங்கு நரம்புகள் தசையை நன்றாக முடுக்கக் கற்றுக்கொள்வதுதான், தசை பருப்பது குறைவு. நரம்புகள் கற்கும் வயதில் பலவிதப் பிடிகளைக் கொடுப்பதா, ஒரே அசைவை நூறு தடவை நெரிக்கச் சொல்வதா? பலவிதப் பிடி என்பதே என் கட்சி.

பழைய கசரத்துகளைப் பார்த்தால் இதை நடைமுறையில் கண்டுபிடித்தவர்கள் முன்பே இருந்தது விளங்கும். வட இந்திய அக்காடாக்களிலும் கோல்ஹாப்பூரின் பயிற்சிக்கூடங்களிலும் இளம் பயில்வான்கள் காலையில் மண்வெட்டியால் கோதாவின் மண்ணைக் கொத்திப் புரட்டுவார்கள். கோதா பதமாகும், கூடவே முன்கையும் மணிக்கட்டும் முதுகும் சேர்ந்து உழைக்கும். வடம் ஏறுவது, கதாயுதம் சுற்றுவது, தமிழ்நாட்டில் கர்லாக்கட்டை என்று நாம் அறிந்த ஜோடிக் கட்டைகளைச் சுழற்றுவது எல்லாம் இதே இனம். கர்லாக்கட்டை தோளுக்குப் பின்னால் தொங்கித் திரும்பி முன்னே வரும்போது, அதன் பாரம் கைப்பிடியைக் கையிலிருந்து உருவப் பார்க்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் அந்தக் கணத்தில் கெட்டியாகக் கவ்வவேண்டும், மணிக்கட்டு மடங்காமல் நிற்கவேண்டும். குஸ்தியில் எதிராளியின் மணிக்கட்டைப் பிடிக்கும்போது வேண்டிய வேலையும் அதுவே. இன்று விழுப்புரம் பக்கத்தில் பிள்ளைகள் ஏறி ஆடும் மல்லர் கம்பமும் மல்லர்களுக்கான துணைப்பயிற்சியாக இருந்ததுதான். கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவுவார்கள். வழுக்கும் மரத்தை விரலால் பிடித்து நிற்க முடியாது. தொடை, கணுக்கால், அக்குள், வயிறு எல்லாம் பிடியாக மாறவேண்டும். துருக்கியின் எண்ணெய்க் குஸ்தியில் மேனி முழுக்க ஆலிவ் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்பவர்களும் தோல் காற்சட்டைக்குள் கைவிட்டுப் பிடிதேடுவார்கள். வியர்த்த உடலைப் பிடிக்கும் கலைக்கு விரல்விசை ஒரு பங்குதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிப்பிடிக்கவும் வேண்டியதில்லை. பிஞ்சு எலும்பைப் பற்றி இன்றைய மருத்துவம் அறிந்தது அந்தக்கால உஸ்தாத்களுக்கு, அதாவது ஆசான்களுக்கு, தெரியாது. வளரும் எலும்பின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. முற்றிய எலும்பையும் நாணையும்விட அவை நலிந்தவை. மணிக்கட்டை மடக்கும் தசைகளும் விரல் மடக்கும் தசைகளில் ஒரு பகுதியும் முழங்கையின் உட்புற எலும்புமேட்டில்தான் தொடங்குகின்றன. அந்த மேட்டின் தட்டு மூடப் பையன்களுக்கு 15 முதல் 17 வயதுவரை ஆகலாம், பெண்பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாக மூடும். பாறையேற்றத்தில் தீவிரமாக இறங்கிய பதின்வயதினருக்கு நடுவிரல் கணுக்களின் வளர்ச்சித் தட்டில் விரிசல் விழுவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த சேதி. விரலை நடுக்கணுவில் மடக்கி உடலின் முழுப்பாரத்தையும் நுனியில் ஏற்றும் பயிற்சியை மீண்டும் மீண்டும் செய்வதுதான் காரணம். குஸ்திக்காரப் பையன் பாறை ஏறுவதில்லை, சரி. ஆனால் மாலையில் இரண்டு மணிநேரம் மல்லுக்கட்டிய கைக்கு இரவில் கிரிப்பரும் கொடுத்தால், ஒரே நாணில் ஒரே மேட்டில் இழுவை ஓயாமல் விழுகிறது. இதை வைத்து, பிள்ளைகள் எடையே தொடக்கூடாது, உயரம் குன்றிவிடும் என்று பயமுறுத்துபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கண்காணிப்போடு, முறையாகச் செய்யும் வலுப்பயிற்சி வளர்ச்சியைத் தடுக்காது என்பதே குழந்தைநல மருத்துவர்களின் இன்றைய நிலைப்பாடு. பங்கீடும் அளவும் கெட்டால்தான் தொல்லை.

அளவு என்றால் எவ்வளவு? பத்து முதல் பதின்மூன்று வயதுவரை கம்பியில் தொங்குவது, வடம் இழுப்பது, தண்ணீர் வாளிகளை இரு கையிலும் தூக்கி நடப்பது, ஜோடியைத் தோளில் சுமப்பது போதும். தொங்குவதை 10 முதல் 20 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, நடுவில் கையை நன்றாகத் தளரவிட வேண்டும். பதினான்குக்கு மேல் கம்பியில் துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்கலாம், லேசான கர்லாக்கட்டை சுற்றலாம், குச்சியில் கட்டிய கயிற்றால் சிறு எடையைச் சுருட்டி ஏற்றி இறக்கலாம். மடக்கும் வேலைக்கு ஈடாக விரிக்கும் வேலையும் வேண்டும்: வாளி நிறைய அரிசியோ மணலோ வைத்து அதற்குள் விரல்களை விரித்து விரித்துத் திறந்தால் புறமுன்கை தேறும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. டைனமோமீட்டர் கிடைத்தால் மாதம் ஒருமுறை அளந்து குறித்துவைக்கலாம். அளவு திடீரென்று சரிந்தால் அது பெரும்பாலும் களைப்பின் அறிகுறி. எலும்பு முற்றி, பதினேழு பதினெட்டைத் தாண்டிய பின் கிரிப்பரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று. முழங்கையின் உட்புறத்திலோ விரல் கணுவிலோ வலி என்று பிள்ளை சொன்னால், பழகப் பழகப் போய்விடும் என்று தள்ளாமல், பிடி சம்பந்தமான எல்லாவற்றையும் நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மகனுக்கோ மகளுக்கோ பிடி வேண்டும் என்று செலவழிக்க நினைத்தால், ஒன்றரை அங்குலத் தடிமனில் நல்ல பருத்தி வடம் ஒன்று வாங்கி, உறுதியான உத்தரத்தில் கட்டி, கீழே மெத்தையோ மணலோ பரப்புங்கள்.