பறவைக் காய்ச்சல் இடர் வரைபடம்: கண்மாய்க்கு ஏன் அடர்நிறம்?

ஒரு நோய் பரவுமுன்னரே அது எவ்விடங்களில் தலைகாட்டக்கூடும் என்பதை நிலப்படத்தில் நிறங்களால் குறித்துக்காட்டுவது இடர் வரைபடம் எனப்படும்; பறவைக் காய்ச்சலுக்கு அதை வரைவோர், காட்டு நீர்ப்பறவைகள், வளர்ப்புக் கோழி வாத்துகள், இவ்விரண்டும் சந்திக்கும் நீர்நிலைகள், வணிகப் பாதைகள் ஆகிய தரவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கின்றனர்.

மத்திய ஆசிய வலசைப் பாதையில் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு வரும் பறவைகள், தனுஷ்கோடியின் உவர்நீர்ப் பரப்பிலும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை கண்மாய்களிலும் தங்குகின்றன. பறவை மிகுந்த இடமெல்லாம் ஒரே அளவு இடருடையது என்று கொள்வது பெரும்பிழை. எச்சத்தின் வழியே நீரில் கலக்கும் வைரஸ், குளிர்ந்த நன்னீரில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். வெப்பமும் உப்பும் கூடக்கூட விரைவில் செயலிழக்கும். ஆகவே பூநாரைகள் திரளும் தனுஷ்கோடியைவிட, வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கரையோரத்தில் நாட்டுக்கோழிகள் மேயவும் அறுவடை முடிந்த வயலில் வாத்துகள் இறக்கப்படவும் இடந்தரும் கண்மாய்ப் பகுதியே அடர்நிறம் பெறத்தக்கது. வாத்துகள் பல வேளைகளில் நோய்க்குறி காட்டாமலேயே வைரஸைச் சுமப்பவை. தாய்லாந்து, வியட்நாம் ஆய்வுகளிலும் கோழிகளின் எண்ணிக்கையைவிட வாத்துகளின் எண்ணிக்கையும் நெற்சாகுபடியின் செறிவுமே நோய்ப்பரவலோடு நெருங்கிய தொடர்பு காட்டின.

இறப்புத் தகவல் வராத ஊர் வரைபடத்தில் நோயற்ற ஊராகவே தோன்றிவிடும் என்பது இம்முறையின் பெருங்குறை. கோழிகளோ வாத்துகளோ கூட்டமாக மடிந்தால், அவற்றைக் கையால் தொடாமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நோயை உறுதிசெய்யும் பரிசோதனை, போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்தில் நடைபெறுகிறது.